"நிறைய இடம் இருக்கு" என்று சொல்லி வாங்கிய ஃபிரிட்ஜ் ஸ்லைடு

ஹாக்கர் ஊருக்கு வடக்கே, ஆட்டுப் பண்ணை முகாம்,
துணி துவைக்கும் அறை,
ஈஸ்டர் திங்கள், எல்லோரும் தூங்கிய பிறகு.

பெருமதிப்புக்குரிய தெல்மா அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் மார்னி பணிவுடன் எழுதுவது.

நீங்களும் உங்கள் ஆடுகளும் அந்த மூன்று கால் நாயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே நலமாக இல்லை. கடிதத்தின் முதல் வரியில் அப்படி எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் முழுக்க நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது. அதனால் தொடக்கத்திலேயே இன்னொரு பொய்யைச் சேர்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் நன்றி. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் டாஸ்மேனியாவிலிருந்து அனுப்பிய ரப்பர் பூட்ஸ் எனக்கு அளவாக இருக்கிறது. அப்பாவுக்கு அனுப்பியதை அவர் இன்னும் ஒரு தடவைகூடக் காலில் போடவில்லை. கொட்டகைச் சுவரில் ஆணி அடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார். ரொம்பப் பிடித்துப்போய்ப் பத்திரப்படுத்துகிறார் என்று நினைக்கிறேன்.

இங்கே செல்போன் எடுக்காது. எடுத்தாலும் உங்களிடம் செல்போன் கிடையாது. பண்ணை அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இருக்கிறது, ஆனால் பண்ணைக்காரம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருப்பார். இதை இன்னொருவர் காதுபட என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் தலையில் கட்டும் விளக்கைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். பூச்சிகள் வந்து மொய்ப்பதால் எழுத்து ஆங்காங்கே கோணலாக இருக்கும். மன்னிக்கவும்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். போன வருடம் அப்பா வண்டிக்குப் புது ஸ்பிரிங் போட்டு உயரமாக்கினார் அல்லவா, அதிலிருந்து அம்மாவுக்கு வண்டியின் பின்பக்கம் எட்டவில்லை. அம்மாவின் உயரம்தான் உங்களுக்குத் தெரியுமே. பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று, வண்டியில் வைத்திருக்கும் பெட்டி மாதிரி மேலே திறக்கிற ஃபிரிட்ஜுக்குள் எட்டி வெண்ணெய் எடுக்கப் போனவர், கூடை நழுவியதும் தலைகுப்புற உள்ளே போய்விட்டார். வெளியே இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அப்பா அடுப்புப் பக்கத்திலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "கெரின், உள்ள இருக்கும்போதே அந்தக் கடுகு சாஸையும் எடுத்துட்டு வந்துடு" என்றார். அன்றைக்கு அம்மா தலையில் கீரையோடு நின்று சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அடுத்த வருஷம் அந்த ஃபிரிட்ஜ் என்கிட்ட வரணும், வாரன். நான் அதுகிட்டப் போகமாட்டேன். வரலன்னா நானும் வரமாட்டேன்."

ஆகவே ஸ்லைடு வாங்குவது என்று முடிவாயிற்று. உங்கள் வண்டியில் ஃபிரிட்ஜே இல்லாததால் சொல்கிறேன்: வண்டியின் தளத்தில் தண்டவாளம் மாதிரி பொருத்திவிட்டு அதன் மேல் ஃபிரிட்ஜைக் கட்டி வைப்பார்கள், இழுத்தால் மேசை இழுப்பறை போல வெளியே வரும். அதிலே நேராக வருவது ஒரு வகை. வெளியே வந்ததும் கீழே இறங்கி இடுப்பு உயரத்தில் நிற்பது இன்னொரு வகை. அப்பாவுக்கு நேராக வருவதுதான் பிடித்தது. "அதுல கழண்டு விழறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். "ஆமா, விழறதுக்குத்தான் நான் இருக்கேனே" என்றார் அம்மா. குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. ரொட்டிப் பெட்டியை ஃபிரிட்ஜாகவும் கரண்டி இழுப்பறையை ஸ்லைடாகவும் வைத்துக்கொண்டு, அப்பா நேராக இழுத்துக் காட்டுவார், அம்மா அதைக் கீழே இறக்கிக் காட்டுவார், ரொட்டி தரைக்குப் போகும், நாய் தின்னும். கடைசியில் மூன்றாவது ஓட்டு என்னுடையது என்றார்கள். நான் அம்மா பக்கம் போட்டேன். இறங்குகிற ஸ்லைடு. அதுவரையில் எந்தத் தப்பும் நடக்கவில்லை, அத்தை. அதுவரையில் நான் நல்ல பெண்ணாகத்தான் இருந்தேன்.

அளவெடுக்கிற வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பரிசு வாங்கியதிலிருந்து அவர் எங்கள் ஊர் வாலரூ முழுக்க, மீன்பிடி மேடையில் யாரென்றே தெரியாதவர்களிடம்கூட, "என் மக அளந்தா அளந்ததுதான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். "மூணே மூணு அளவு, கண்ணு. ஃபிரிட்ஜக் கைப்பிடியோட சேர்த்து அள, எல்லாரும் கைப்பிடிய மறந்துட்டுத்தான் மாட்டிக்குவாங்க. அப்புறம் வண்டிக்குள்ள சக்கரத்து மேடு தள்ளி எவ்வளவு இடம்னு அள. கடைசியா டிரெய்லர மாட்டி வச்சுப் பின்னால எவ்வளவு இடம் மிஞ்சுதுன்னு அள. ஸ்லைடு இறங்கறப்ப எதுலயும் இடிக்கக் கூடாது." முதல் இரண்டையும் நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் தெரியுமா! கைப்பிடி, மூடியின் கீல், மூடி எந்தப் பக்கம் திறக்கிறது, மின்கம்பி எங்கே மடங்கும் எல்லாம் பார்த்தேன். ஃபிரிட்ஜில் சாஸேஜும் பாலும் நிரப்பி, குளியலறை எடை இயந்திரத்தின் மேல் தூக்கி வைத்து, ஸ்லைடு அந்தக் கனத்தைத் தாங்குமா என்றுகூடப் பார்த்தேன். அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "சபாஷ். இன்னும் ஒண்ணுதான் பாக்கி. நான் வந்திருப்பேன், முட்டி வலிக்குது" என்றார்.

நான் கொட்டகைக்குப் போனேன். டிரெய்லரின் மேல் போட்டிருந்த தார்பாயைத் தூக்கினேன். முன்பக்கம், வண்டியில் கொக்கி மாட்டுகிற நீளக் கம்பி இருக்கிறதே, அதன் மேல் தண்ணீர் கேன் வைக்கிற இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. அதற்கு அடியில் வலை இருந்தது. வட்டமாக அழகாகக் கட்டுகிற வலை இல்லை. கன்னாபின்னாவென்று, தொட்டால் நூல் அறுகிற சத்தம் கேட்கும் அந்த வலை. அதை யார் கட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் சிவப்புக் கோடு போட்டவள், கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கிற அந்த விஷச் சிலந்தி. நான் அவளைப் பார்க்கக்கூட இல்லை, அத்தை. வலையை மட்டும்தான் பார்த்தேன். தார்பாயை எப்படி இருந்ததோ அப்படியே மூடினேன். வேலை செய்கிற மாதிரி இருக்கட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்று இரும்பை இரும்பால் தட்டினேன். அப்புறம் வீட்டுக்குள் போனேன்.

"என்ன, இடம் இருக்கா?" என்றார் அப்பா.

"இருக்கு."

"எவ்வளவு?"

"நிறைய இடம் இருக்கு" என்றேன்.

கணக்குக்குப் பரிசு வாங்கியவள் சொன்ன அளவு அது. "நிறைய." அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம், "சரி, நிறைய போதும்" என்று பத்திரிகையைத் தூக்கிக்கொண்டார். இந்த உலகத்திலேயே அவ்வளவு நம்பிக்கையுள்ள அப்பா யாருக்கும் இருக்க முடியாது. அதை நினைத்தால் இப்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

இதைவிட மோசமானது கடையில் நடந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், கேட்க வேண்டியதைக் கேட்டார். "டிரெய்லர் இழுப்பீங்களா? மாட்டி வச்சு அளந்தீங்களா? இது இறங்கற ஸ்லைடு, பார்த்துக்கங்க, அப்புறம் என்னத் திட்டாதீங்க." அப்பா என் தோளில் கையை வைத்து, "என் மக அளந்திருக்கா" என்றார். அந்தக் கை எவ்வளவு கனமாக இருந்தது தெரியுமா? அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்தில் வண்டிக்குள் தொங்கவிடுகிற வாசனை அட்டைகள் இருந்தன. எலுமிச்சை வாசனையா, கடல் வாசனையா என்று நான் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்லைடைப் பொருத்தினோம். வீட்டு முற்றத்தில், டிரெய்லர் இல்லாமல், அது ராஜா மாதிரி வேலை செய்தது. அம்மா ஒரே விரலால் இழுத்தார், ஃபிரிட்ஜ் வெளியே வந்து, குனிந்து வணக்கம் சொல்வதுபோல அவர் இடுப்புக்கு இறங்கியது. அம்மா அப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். நான் கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

புனித வெள்ளியன்று கிளம்பினோம். முதல் தேநீருக்குச் சாலையோரம் நிறுத்தியதும் அம்மா ஆசையாகப் பின்கதவைத் தூக்கி ஸ்லைடை இழுத்தார். ஃபிரிட்ஜ் வெளியே வந்தது, இறங்கத் தொடங்கியது, பாதியில் தண்ணீர் கேன் சட்டத்தின் மேல் டங்கென்று உட்கார்ந்தது. கேனை எடுத்துப் பார்த்தோம். சட்டம்தான் இடிக்கிறது. முழுக்க இறங்கினால்தான் ஸ்லைடு பூட்டிக்கொள்ளும், பாதியில் விட்டால் அதன் ஸ்பிரிங் மறுபடி உள்ளே இழுத்துவிடும். அதனால் அப்பா ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, அது அவரையும் சேர்த்து வண்டிக்குள் இழுக்க, மூடி ஒரு கையளவுதான் திறக்க, அம்மா அந்தச் சந்தில் கையை விட்டுத் தடவித் தடவி வெண்ணெய் என்று ஒரு பொட்டலத்தை எடுத்தார். அது அப்பா தூண்டிலுக்கு வைத்திருந்த இறால். பிரித்துப் பார்க்காமலே ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் நாற்றத் தண்ணீர் ரொட்டியெல்லாம் ஊறி, அந்த மதியம் நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.

"நேரா வர்ற ஸ்லைடா இருந்தா இந்தத் தொல்லையே இல்ல" என்றார் அப்பா.

"வாங்கறதுக்கு முன்னாடி டிரெய்லர ஒரு தடவ பார்த்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல" என்றார் அம்மா.

அப்பா என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். "இவதான் அளந்தா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை. நான் பின்சீட்டில் ஜன்னல் வழியாகக் கோதுமை வயல்களை, அதுவும் அறுவடை முடிந்து ஒன்றுமே இல்லாத வயல்களை, மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சட்டத்தைக் கழற்றிவிட்டால் போதும் என்று அம்மா சொன்னார். அடியில் ஒரே ஒரு நட்டுதான். அப்பா தூரத்திலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "துருப்பிடிச்சு ஒட்டிப்போச்சு. வெட்டித்தான் எடுக்கணும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். அப்பாவுக்கு இரும்பு விஷயம் எல்லாம் தெரியும். டிரெய்லரைக் கழற்றும்போதுகூட அடியில் தொங்கும் சங்கிலியைக் கையால் தொடாமல் துடைப்பக் கட்டையால் தள்ளித் தள்ளி எடுப்பார். கை அழுக்காகாமல் இருக்க அது நல்ல வழி.

இந்த முகாமுக்கு வந்ததும்தான் உண்மையான அவமானம். ஈஸ்டர் என்பதால் சமமான இடம் எல்லாம் போய்விட்டது. எங்களுக்குக் கிடைத்தது ஓடைப் பக்கம் சரிகிற ஓரிடம். டிரெய்லர் உருண்டு போகாமல் இருக்க அதை வண்டியில் மாட்டியே வைக்க வேண்டும், ஃபிரிட்ஜைத் திறக்க ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும். இங்கே வழக்கம் உங்களுக்குத் தெரியும், யாராவது புதிதாக டிரெய்லரோடு வந்தால் முன்னால் வந்தவர்கள் எல்லோரும் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையில் பீரோடு, நாடகம் பார்க்க உட்காருவார்கள். எல்லோருக்கும் அது ஒரு தடவைதான் நடக்கும். எங்களுக்கு ஒவ்வொரு தேநீருக்கும் நடந்தது. எங்களுக்கு நேர் கீழே நெவ் என்றொரு தாத்தாவும் அவர் மனைவி பெரிலும் கூடாரம் போட்டிருந்தார்கள். அப்பா கொக்கியைக் கழற்றக் குனிந்தாலே நெவ், "பெரில், சீக்கிரம் வா, அவங்களுக்குப் பால் வேணுமாம்!" என்று குரல் கொடுப்பார். "தலைவரே, எங்க வீட்ல ஃபிரிட்ஜத் திறந்தா லைட்டு எரியும். உங்க வீட்ல வண்டியே கழண்டு போகுதே!" என்றார். அப்பா சிரிப்பது போலப் பல்லைக் காட்டினார். அம்மா சிரிக்கவில்லை.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, பெரில் ஒரு தட்டு நிறைய ஈஸ்டர் பன், சிலுவைக் குறி போட்டது, சுடச்சுடக் கொண்டுவந்தார். "எங்க வெண்ணெய் தீர்ந்துபோச்சு, நீங்க வெண்ணெய் மட்டும் குடுங்க, எல்லாருமா சேர்ந்து சாப்பிடலாம்" என்றார். வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம். பத்துப் பேர் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு வெண்ணெய்க்காகக் காத்து நிற்க, அப்பா அவசரத்தில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் கட்டை வைத்துவிட்டுக் கொக்கியைத் தூக்கினார். டிரெய்லர் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு கிளம்பிப் போயிற்று. ரொம்ப வேகமாக ஒன்றும் இல்லை, மாலையில் நடைக்குப் போகிறவர் மாதிரி போயிற்று. அப்பா முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி, "நில்லு, நில்லு" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே கூடப் போனார். அது நெவ்வின் நாற்காலியை மடக்கி, பெரிலின் மேசையைத் தள்ளி, மிச்சப் பன்கள் எல்லாவற்றின் மேலும் ஏறி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. பிறகு நெவ், "பன்னு தட்டையாப் போனாலும் பரவால்ல, வெண்ணெய் வருதா?" என்றார்.

அதற்கு முகாமே சிரித்தது. அம்மா மட்டும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைக்கரையோடு நடந்து போய்விட்டார். திரும்பி வந்து இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அப்பாவிடம் உப்பு, தண்ணீர், போர்வை என்று மூன்று வார்த்தைகள்தான் பேசினார்.

இன்றைக்குச் சாயங்காலம் நான் பல் தேய்க்கப் போனபோது அம்மா அலுவலகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. நான் ஒட்டுக் கேட்டேன். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். க்வார்னில் இருக்கும் ஜூலீன் சித்தியிடம் பேசினார். "நாளைக்குக் காலைல ஹாக்கர்ல போஸ்டாபீஸ் பக்கத்துல இறங்கிக்கிறேன். நீ வந்து கூட்டிட்டுப் போ. இல்ல, சண்ட எல்லாம் இல்ல. எனக்குப் போதும் ஜூலீன், அவ்வளவுதான்." பிறகு வந்து தன் பையைக் கட்டினார். அப்பா பார்த்தார். வெளியே போய் அடுப்பைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த அடுப்பை.

அத்தை, என் வகுப்பில் சாஸ்கியா என்று ஒரு பெண் இருக்கிறாள். அவள் அப்பாவும் அம்மாவும் ஒரு முகாமுக்குப் போய்க் கூடாரக் குச்சியை யார் மறந்தது என்று சண்டை போட்டுத்தான் பிரிந்தார்கள். இப்போது அவளுக்கு இரண்டு படுக்கையறை, இரண்டு பல்துலக்கி, ஒரு வாரம் நாய் உண்டு, ஒரு வாரம் நாய் இல்லை. வெறும் குச்சிக்கே அப்படி. எங்களுடையது ஃபிரிட்ஜ்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டால் அவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்வது நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நாலு நாளாகத் தெரியும். வாயைத் திறப்பேன், அப்பாவின் கை தோளில் இருப்பது மாதிரியே இருக்கும், மூடிவிடுவேன். அவர் என்னைப் பற்றிச் சொல்லித் திரியும் அந்த ஒரு வாக்கியம் போய்விடும் அல்லவா? அது போனால் எனக்கென்று என்ன இருக்கிறது, ஓடத் தெரியாது, நீச்சலிலும் கடைசி. அம்மா போவதைவிட அந்த வாக்கியம் எனக்குப் பெரிதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கொஞ்சம் பொறுங்கள், யாரோ வருகிறார்கள்.

போய்விட்டார்கள். அப்பாதான். கழிப்பறைக்குப் போகக் கிளம்பியிருக்கிறார். வாசல் படியில் உட்கார்ந்து தன் பழைய பூட்ஸைக் கழற்றி, தட்டு தட்டென்று தட்டி, கவிழ்த்துப் பார்த்து, மறுபடி தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டு போனார். கூடாரத்திலிருந்து அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் நடந்து வந்திருக்கிறார். அவருக்கும் மனசு சரியில்லை போலிருக்கிறது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். தயவுசெய்து இந்தத் தப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா? வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே இடம் நிறைய இருக்கும், அளக்க வேண்டாம் என்று மார்னிக்கு எழுதியது நான்தான் என்று அப்பாவுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் மேல் அப்பாவால் கோபப்பட முடியாது. "தெல்மாகிட்ட நான் ஒரு தடவகூட ஜெயிச்சது இல்ல" என்று அவரே சொல்லியிருக்கிறார். டாஸ்மேனியாவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது, உங்களுக்கு ஒன்றும் ஆகாது. பதிலுக்கு வருகிற கோடை விடுமுறை முழுக்க உங்கள் ஆட்டுக் கொட்டகையைக் கூட்டிக் கொடுக்கிறேன்.

எழுதும்போதே ஒன்று உறைக்கிறது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு ஒரு வாரமாவது ஆகும். அம்மா நாளைக் காலையில் போகிறார். இதையும் நான் அளக்கவில்லை. இருந்தாலும் போடுகிறேன், அம்மா திரும்பி வருவதற்காவது உங்கள் வரி உதவும்.

உங்கள் முழங்காலுக்கு வலியில்லாத குளிர்காலமும், ஆடுகளுக்கு நல்ல புல்லும் கிடைக்கவும், நாய்க்கு இருக்கிற மூன்று கால்களும் நெடுநாள் நிலைத்திருக்கவும் வேண்டுகிறேன். என்னை வெறுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இனி எதையும் அளக்கத் தகுதியில்லாத
மார்னி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். ஹாக்கர் தபால் நிலையத்துக்கு எதிரே நிழலில் உட்கார்ந்து பகல் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

அப்பா வண்டியை நிறுத்தினார். அம்மா பையோடு இறங்கினார். கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான், சத்தியமாக, நான் நினைத்திருந்தேன். ஆனால் அம்மா போகிற போக்கில் என் தொப்பியைச் சரியாக இழுத்துவிட்டு, "வெயில்ல சுத்தாத" என்றார். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் வெளியே வந்துவிட்டது. "அம்மா, நான் டிரெய்லர அளக்கவே இல்லம்மா. அடியில சிலந்தி வலை இருந்துச்சு, பயந்துட்டேன். நிறைய இடம் இருக்குன்னு பொய் சொன்னேன். அப்பா மேலயும் தப்பு இல்ல, உன் மேலயும் இல்ல, போகாதம்மா" என்று நடுத்தெருவில் மூக்கு ஒழுக அழுதேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா டயரைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

"என்ன தெரியும்?"

"இவ அளக்கலன்னு. இவ கொட்டகைக்குப் போனப்ப டேப்பு என் சட்டைப் பைலதான் இருந்துச்சு."

அத்தை, அளக்கப் போனவள் டேப்பை எடுத்துக்கொண்டு போகவில்லை. இத்தனை நாளும் எனக்கே இது தெரியாது.

"தெரிஞ்சுமா வாங்கின?" என்றார் அம்மா.

"திரும்ப அளக்கணும்னா நான்ல அடியில கைய விடணும்."

"விட்டா என்ன?"

அப்பா தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, எதிர்க் கடையின் விளம்பரப் பலகையைப் பார்த்துக்கொண்டு, "அங்க... சிலந்தி இருக்கும்" என்றார்.

"நட்டு துருப்பிடிச்சிருச்சுன்னியே?"

"தூரத்துலேர்ந்து பார்த்தா அப்படித்தான் இருந்துச்சு."

அம்மா பையைக் கீழே வைத்தார். "அப்ப அந்தத் துடைப்பக் கட்ட? தினமும் பூட்ஸப் போட்டு அந்த அடி அடிக்கறது?" அப்பா தலையை ஆட்டினார். சின்ன வயதில், அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது, அவருடைய ரப்பர் பூட்ஸுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தியைப் பிடித்துப் போட்டுவிட்டு, "வாரன், சீக்கிரம் போட்டுட்டு வா, மழ வருது" என்று யாரோ கூப்பிட்டார்களாம். யாரென்று நான் எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன், அத்தை.

அம்மா டிரெய்லர் கம்பிக்கு அடியில் படுத்தார். கையை விட்டார். அப்பாவும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். "ஒரு செத்த ஈ இருக்கு, வேற யாரும் இல்ல" என்று கீழேயிருந்து குரல் வந்தது. நட்டு ஸ்பேனரே வேண்டாமல் இரண்டு விரலுக்குக் கழன்றது. சட்டத்தை எடுத்ததும் ஃபிரிட்ஜ் வெளியே வந்து, ஹாக்கர் கடைத்தெருவில், எல்லோரும் பார்க்க, அம்மாவின் இடுப்புக்கு இறங்கி நின்றது. அம்மா பாலை எடுத்தார். அப்புறம் சொன்னார், "எனக்குக் கோவம் ஃபிரிட்ஜ் மேல இல்ல. நாலு நாளா ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பார்க்காமலே பேசினீங்க பாரு, அது மேலதான். என்னமோ பெருசா மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். சிலந்தியாம்!" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், பால் சிந்துகிற வரைக்கும் சிரித்தார். அப்பா அவர் பையைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துவிட்டுத் தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இனி அம்மாதான் ஓட்டுகிறாராம்.

இதற்குள் ஜூலீன் சித்தி க்வார்னிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். "இத்தன தூரம் டீ குடிக்கவா கூப்பிட்ட?" என்று இப்போது அவர்தான் கோபமாக இருக்கிறார்.

ஆகவே அத்தை, நான் கேட்ட பொய் வேண்டாம். தப்பு உங்களுடையதுதான் என்று உண்மையையே எழுதினால் போதும். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பூட்ஸை ஆணியிலிருந்து இறக்குவேன் என்கிறார் அப்பா. நானே இறக்கித் தட்டிப் பார்த்துத் தருகிறேன் என்றேன். எத்தனை தடவை தட்டுவாய் என்று கேட்டார்.

நிறைய, என்றேன்.